நின்ற இடத்தில் ஓடுகிற வண்டி

அவள்: …இல்லங்க, ஸ்டார்ட் ஆகுறதுல ஒரு குறையும் இல்ல. காலை எடுத்தாத்தான் செத்துப் போகுது.

அவன்: எதுல இருந்து எடுத்தா?

அவள்: எதுல இருந்து எடுப்பாங்க? ஆக்சிலேட்டர்ல இருந்துதான். வாசப்படியில இருந்தா?

அவன்: சாகுதா, இல்ல சாகுற மாதிரி நடிக்குதா?

அவள்: மொதல்ல நடிக்குது. ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது… அப்புறம் மொத்த வேனையும் ஒரு குலுக்கு குலுக்கிட்டு நெசமாவே செத்துடுது.

அவன்: சத்தமாப் பேசு. இந்தப் போன் பாதிப் பேச்சை முழுங்கிடுது.

அவள்: இதுக்கு மேல கத்தினா பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து நம்ம சண்டையை விலக்கி விடுவா.

அவன்: வரட்டுமே. நாம சண்டை போட்டு எவ்வளவு நாளாச்சு…

அவள்: நேர்ல வாங்க, போடலாம். நான் சேத்து வச்சிருக்கேன்.

அவன்: மொதல்ல வண்டியப் பாரு.

அவள்: நீங்க போனதுல இருந்து வண்டியத்தான் பாக்குறேன். உங்களைப் பாக்கத்தான் வழியில்ல. அந்த வீடியோ கால் இன்னைக்காவது வருமா?

அவன்: இந்தப் பாலைவனக் கேம்ப்ல அதெல்லாம் எடுக்காதுன்னு சொல்லியிருக்கேன்ல. பேச்சு வர்றதே பெருசு.

அவள்: மூஞ்சி மறந்துடப் போகுது.

அவன்: மறந்தா நல்லதுதான். வரும்போது புது மாப்பிள்ளையா வர்றேன்.

அவள்: வரும்போதா! வாயில வந்துடுச்சு பாத்தீங்களா. அப்ப இன்னும் கையெழுத்துப் போடல?

அவன்: இன்னும் இல்ல. சாயங்காலம் சூப்பர்வைசர் காகிதத்தோட வருவான். போட்டா இன்னொரு தவணை இங்கேயே. போடலேன்னா டிக்கெட்டைக் கையில குடுத்து அனுப்பிடுவான்.

அவள்: நாம என்ன பேசி வச்சோம்?

அவன்: தெரியும்.

அவள்: தெரிஞ்சா உங்க வாயால சொல்லுங்க.

அவன்: வண்டி நின்ன இடத்துல ஒழுங்கா ஓடிச்சுன்னா… ஆஸ்பத்திரித் துணி டிரிப்பு நமக்குக் கிடைக்கும். கிடைச்சா நான் வர்றேன்.

அவள்: அவ்வளவுதான். வேற பேச்சே இல்ல.

அவன்: லாண்டரிக்காரர் என்னதான் சொன்னார்?

அவள்: நேத்து கொண்டு போய்க் காட்டினேன்ல. ஆஸ்பத்திரி கேட்டுல வரிசையில நிறுத்தி எடை போடுறாங்க. நம்ம முறை வரும்போது காலை எடுத்தேன், குலுக்கிட்டுப் படுத்துட்டா மகராசி. பின்னாடி அத்தனை வேனும் ஹாரன். ஒருத்தன் இறங்கி வந்து, "அக்கா, இதை உள்ள அட்மிட் பண்ணிட்டுப் போங்க"ங்கிறான்.

அவன்: ஹாஹா…

அவள்: சிரிக்காதீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. லாண்டரிக்காரர் நல்ல மனுஷன். "நாளன்னைக்கு ஒரு தடவை கொண்டு வா, அணையாம நின்னா டிரிப்பு உனக்கு, நிக்கலேன்னா என்னைத் தப்பா நினைக்காத"ன்னார். அந்த நாளன்னைக்குதான் நாளைக்கு.

அவன்: சரி. இன்ஜின் மேல இருக்கிற சீட்டைத் தூக்கு.

அவள்: தூக்கி எப்பவோ ஆச்சு. டிரைவர் சீட்டைக் கழட்டி வாசல்லயே போட்டுட்டேன். பூனை ஏறி உக்காந்திருக்கு.

அவன்: நம்ம பூனையா?

அவள்: நம்மளுக்கு ஏது பூனை. நீங்க இல்லேன்னு தெரிஞ்சுக்கிட்டு வர்ற பூனை.

அவன்: அது சரி. சோக் முழுசா உள்ள போயிருக்கா?

அவள்: போயிருக்கு. இன்ஜின் சூடாவும் இருக்கு. ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டி மாட்டிட்டேன். கேக்கும் முன்னாடியே எல்லாம் பண்ணிட்டேன்.

அவன்: அப்ப என்னைக் கூப்பிட்டது எதுக்கு?

அவள்: அதுக்கப்புறம் என்னன்னு தெரியாமத்தான். நீங்க இருந்தப்ப டார்ச் பிடிச்சதுதான் என் படிப்பு. டார்ச் பிடிச்ச வரைக்கும்தான் தெரியும்.

அவன்: டார்ச்சையும் ஒழுங்காவா பிடிச்ச? நான் கார்புரேட்டரைப் பாத்தா நீ என் மூஞ்சிக்கு அடிப்ப.

அவள்: அப்ப எனக்கு அதுதான் பாக்கணும்னு இருந்துச்சு.

அவன்: சரி சரி. ஸ்டார்ட் பண்ணு. போனை இன்ஜின் பக்கத்துல வை.

அவள்: வச்சுட்டேன். கேளுங்க… ஏறுது பாருங்க… இப்ப இறங்குது… கேட்டுதா?

அவன்: ம்… ம்…

அவள்: என்ன ம்?

அவன்: போன்ல எல்லாம் கலங்கிப் போய் வருது. நீ வாயால சொல்லிக் காட்டு.

அவள்: எதை?

அவன்: சத்தத்தை. இன்ஜின் மாதிரி பண்ணிக் காட்டு.

அவள்: ஐயோ, தெருவுல ஆள் போகுது.

அவன்: போனா போகட்டும். பண்ணு.

அவள்: ட்ருஊஊம்ம்… ட்ரும்… ட்ர்… ட்ர்… ட்ருஊஊம்ம்… ட்ரும்… போதுமா?

அவன்: இன்னொரு தடவை.

அவள்: போங்க, கிண்டலா பண்றீங்க.

அவன்: கிண்டல் இல்லடி. உன் வாயால வந்தாத்தான் எனக்குப் புரியுது.

அவள்: ட்ருஊஊம்ம்… ட்ரும்… ட்ர்… அவ்வளவுதான். இனிமே காசு குடுத்தாத்தான்.

அவன்: ஏறி இறங்குதுன்னா காத்து வாங்குதுன்னு அர்த்தம். எங்கேயோ ஹோஸ்லயோ ஜாயின்ட்லயோ லீக். வேற சத்தம் எதாவது வருதா, பக்கத்துல?

அவள்: ஆமாங்க, சீறுது.

அவன்: என்னது?

அவள்: சீறுது. சீறுதுங்க.

அவன்: ஈறா? இன்னும் போகலையா அந்தப் பல்லு வலி? டாக்டர்கிட்டப் போன்னு சொன்னேன்ல.

அவள்: ஈறு இல்லங்க, கடவுளே… பல்லு எப்பவோ சரியாப் போச்சு. உள்ள இருந்து "ஸ்ஸ்ஸ்"ன்னு ஒரு சத்தம். பாம்பு மாதிரி.

அவன்: ஓ, சீறலா. அதைச் சொல்லு. எங்க இருந்து?

அவள்: பின்னாடி, பிரேக்குக்குப் போகுதே ஒரு தடி ஹோஸ், அந்தப் பக்கம். இருங்க, போனை அங்கேயே கொண்டு போறேன். நான் சொன்னா நம்ப மாட்டீங்க, உங்க காதைத்தானே நம்புவீங்க… இந்தா. கேக்குதா?

அவன்: …

அவள்: கேக்குதாங்க?

அவன்: இல்ல. அங்க சீறல் எல்லாம் ஒண்ணும் இல்ல.

அவள்: இல்லையா? இவ்வளவு கிட்ட வச்சிருக்கேனே.

அவன்: இருந்தா எனக்குக் கேக்காதா? அது ஃபேன் பெல்ட்டு சத்தமா இருக்கும். கிழட்டு வண்டியில ஆயிரம் சத்தம் வரும், எல்லாத்தையும் கணக்குல எடுக்கக் கூடாது. ஹோஸ் நல்லாத்தான் இருக்கு. ப்ளக்குக்கு வா.

அவள்: நீங்க சொன்னா சரிதான்.

அவன்: ஓடிக்கிட்டு இருக்கும்போதே ப்ளக் ஒயரை ஒண்ணொண்ணா உருவு. காஞ்ச துணியை மடிச்சுப் பிடி. வெறும் கையால தொட்டா ஷாக் அடிக்கும்.

அவள்: தெரியும். ஒரு தடவை உங்களைத் தூக்கிப் போட்டுச்சே. நீங்க துள்ளினதைப் பாத்து நான் சிரிச்சேன், ரெண்டு நாள் பேசல.

அவன்: ஒரு நாள்தான்.

அவள்: ரெண்டு. சாப்பாட்டைக் கூட சுவத்தைப் பாத்துத்தான் சாப்பிட்டீங்க.

அவன்: உருவினா இன்ஜின் இன்னும் மோசமாகணும். ஆகலேன்னா அந்த ப்ளக் வேலை செய்யல.

அவள்: இந்தா மொதல்து… ஆமா, மோசமாகுது. ரெண்டாவது… மோசமாகுது. மூணாவதும்… அப்படித்தான். மூணுமே நல்லாத்தானே இருக்கு?

அவன்: இரு, அவசரப்படாத. வேலை செய்யும், ஆனா அழுக்கு அடைச்சிருக்கும். அணைச்சிட்டு மூணையும் கழட்டு. ப்ளக் ஸ்பேனர் இருக்கா?

அவள்: எல்லாம் இருக்கு. நீங்க வச்ச இடத்துலயே வச்சிருக்கேன். கழட்டுறதுக்குன்னு உங்க பழைய சட்டையைத்தான் போட்டுட்டு உக்காந்திருக்கேன்.

அவன்: அட்டையா? எந்த அட்டை? ஃபில்டர்ல இருக்கிறதா?

அவள்: ஒண்ணுமில்ல. விடுங்க.

அவன்: சொல்லு. வேலையில எதையும் விடக் கூடாது.

அவள்: வேலைக்கு ஆகாததுதான்… ஏங்க, உங்க பக்கம் என்ன அது? கீச்சு கீச்சுன்னு.

அவன்: எது?

அவள்: கொஞ்சம் விட்டு விட்டு "கீச்"சுங்குதே. குருவிக் குஞ்சு மாதிரி. இதோ, இப்பக் கூட.

அவன்: இங்க ஏது குருவி? மணலும் தகரமும்தான். உன் போன்லதான் ஏதோ.

அவள்: என் போன்ல எப்படி… சரி. ஜெனரேட்டர் பக்கத்துல நிக்கிறீங்களோ?

அவன்: இல்ல, ரூம்ல கட்டில்ல உக்காந்திருக்கேன். இன்னைக்கு லீவு.

அவள்: ரொம்ப அமைதியா இருக்கு.

அவன்: ஆமா… ரூம்ல அமைதிதான். ஹால்லதான் ஆறு ஜெனரேட்டரும் ஒண்ணா ஓடும். அங்க யாரும் பேசுறதே இல்ல. கட்டை விரலை மேல காட்டினா நல்லா ஓடுது. கீழ காட்டினா அணை. கையை வயித்துல வச்சா சாப்பாடு. அவ்வளவுதான் பாஷை.

அவள்: என்னைக் கேக்கணும்னா எங்க கையை வைப்பீங்க?

அவன்: அடிப் போடி… 

அவள்: சொல்லுங்க.

அவன்: அதுக்கு இங்க யாரும் சைகை கண்டுபிடிக்கல. இரு இரு, வெளிய ஓடுறானுங்க, தண்ணி வந்துடுச்சு போல. பக்கெட்டை வரிசையில வைக்கலேன்னா குளியல் இல்ல. போனை இவன்கிட்டக் குடுக்குறேன். டேய், வெல்டர், பிடிடா. அவ ப்ளக் கழட்டுறா, லைன் போகாமப் பாத்துக்க.

வெல்டர்: தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா?

அவள்: நல்லா இருக்கேண்ணா. வீட்ல அண்ணி?

வெல்டர்: அவளுக்கென்ன. நான் இல்லாம ரெண்டு சுத்து பெருத்துட்டாளாம். போட்டோ அனுப்புறா. நான்தான் இங்க வெல்டிங் கம்பி மாதிரி உருகிக்கிட்டிருக்கேன்.

அவள்: உங்க ரூம்ல என்னண்ணா கீச்சு கீச்சுன்னு?

வெல்டர்: அதுவா? கூரையில புகை வந்தா அடிக்கிற அலாரம் ஒண்ணு ஒட்டியிருக்காங்க. பேட்டரி தீந்துபோய் ராத்திரி பகலா கத்துது. மண்டையைப் பொளக்குது. நானும் ரூம் மாத்திக் கேட்டுட்டேன். எப்படித்தான் உன் வீட்டுக்காரர் அதுக்கு நேர் கீழ குழந்தை மாதிரி தூங்குறாரோ!

அவள்: நேர் கீழயா?

வெல்டர்: அவர் கட்டிலுக்கு மேலதான் இருக்கு. ஒரு நாள் கூட ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா டிவியை வச்சார்னா பாரு, பக்கத்துக் கேம்ப்காரன் செய்தி கேக்கலாம். என்னம்மா, ப்ளக் வரலையா? இறுகிப் போயிருக்கா?

அவள்: இன்னும் கை வைக்கல. அண்ணா… எனக்கு ஒண்ணு பண்ணுங்க. நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஒரு இடத்துல போனை வைக்கிறேன். என்ன கேக்குதுன்னு சொல்லுங்க. அவர்தான் வெல்டிங் வேற, இன்ஜின் வேறன்னு சொல்வார். பரவால்ல, தெரிஞ்சதைச் சொல்லுங்க.

வெல்டர்: வை, வை.

அவள்: வச்சிருக்கேன்.

வெல்டர்: இன்ஜின் குதிக்குது… அதுக்கு மேல "ஸ்ஸ்ஸ்"ன்னு. எங்க காஸ் சிலிண்டர்ல லீக் ஆகுமே, அதே மாதிரி. காது கூசுது, எடும்மா.

அவள்: நல்லாக் கேக்குதா? சந்தேகமில்லாம?

வெல்டர்: இதைக் கேக்காதவன் யாரு! ஏன், அவர் என்ன சொன்னார்?

அவள்: அணைச்சுட்டேன். ஒண்ணும் சொல்லலண்ணா.

வெல்டர்: தங்கச்சி…

அவள்: சொல்லுங்க.

வெல்டர்: நான் எதையாவது உளறிட்டேனாம்மா?

அவள்: இல்லண்ணா. அந்த ஹால்ல காதுக்கு ஏதாவது குடுப்பாங்களா? மூடிக்கிறதுக்கு?

வெல்டர்: ஒண்ணு இருக்கு. ஷிப்டுக்கு ஒண்ணு. இன்ஜினியர் வந்தா அவர் மாட்டிக்குவார். இவங்களுக்குப் பஞ்சுதான்… இதோ வந்துட்டார். நான் ஒண்ணும் சொல்லலம்மா.

அவள்: நானும் ஒண்ணும் கேக்கலண்ணா.

அவன்: ஹலோ. பக்கெட் வச்சாச்சு. என்ன பேசினான்? என்னைப் பத்திப் போட்டுக் குடுத்தானா?

அவள்: உங்களைப் பத்திப் போட்டுக் குடுக்க என்ன இருக்கு?

அவன்: ஒண்ணுமில்லதான். ப்ளக் வந்துச்சா?

அவள்: வந்துக்கிட்டே இருக்கு.

அவன்: கறுப்பா இருக்கா?

அவள்: கறுப்பாத்தான் இருக்கு. உங்க வாயால சொன்னா சொன்னதுதான்.

அவன்: நான் சொன்னேன்ல! உப்புத்தாள் வச்சுத் தேய். அழுத்தாம, பல்லு விளக்குற மாதிரி.

அவள்: தேய்க்கிறேன்.

அவன்: என்ன அது, தண்ணி ஊத்துற மாதிரி இருக்கு?

அவள்: இது மட்டும் கேக்குதா? சோப்புத் தண்ணி. கை கழுவ.

அவன்: வேலை முடிஞ்சு கழுவு. இப்பக் கழுவினா மறுபடி அழுக்காகத்தான் போகுது.

அவள்: இருக்கட்டும். கையைப் பாத்தா எனக்கே பிடிக்கல… ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்றேன்.

அவன்: ப்ளக் இல்லாம எப்படி ஸ்டார்ட் பண்ணுவ?

அவள்: மாட்டிட்டேன், மாட்டிட்டேன். சும்மா ஒரு தடவை பாக்குறேன்… ஓ. இங்கதானா நீ. உறிஞ்சுறா பாரு, நுரையை எல்லாம்.

அவன்: யாரோட பேசுற?

அவள்: பூனையோட.

அவன்: அதை விரட்டு. ஃபேன்ல விழுந்து தொலைக்கப் போகுது.

அவள்: விரட்டிட்டேன். அணைச்சுட்டேன். கத்தியை எங்க வச்சேன்…

அவன்: கத்தி எதுக்கு?

அவள்: ப்ளக்கைச் சுரண்ட.

அவன்: கத்தி போடாத! முனை போயிடும். உப்புத்தாள்தான்.

அவள்: சரிங்க. கத்தி போடல.

அவன்: மெதுவா. உனக்கு எல்லாத்துலயும் அவசரம்.

அவள்: ஆமா, எனக்கு அவசரம்தான். ஏங்க, ஒண்ணு கேக்குறேன். சும்மா ஒரு சந்தேகம். ஒரு ஹோஸ் நுனியில வெடிச்சிருந்தா என்ன பண்ணுவாங்க?

அவன்: நம்ம ஹோஸ்தான் நல்லா இருக்கே.

அவள்: இருக்குதான். தெரிஞ்சுக்கக் கேக்குறேன். நீங்க இல்லாதப்ப ஆகிடுச்சுன்னா?

அவன்: நுனிதான்னா வெடிச்ச வரைக்கும் நேரா வெட்டிட்டு, மிச்சத்தை இழுத்துச் சொருகி, கிளிப்பை இறுக்கணும். நீளம் பத்தணும். கோணலா வெட்டினா மறுபடி காத்து வாங்கும்.

அவள்: நேரா… சரி. சுட்டுடுச்சு… ஆ.

அவன்: கையா? கையைச் சுட்டுக்கிட்டியா?

அவள்: லேசா.

அவன்: நான் என்ன சொன்னேன்! சூடு ஆறட்டும். அப்படியே விடு. தண்ணியில வை. இந்த எழவு வண்டியும் வேணாம், டிரிப்பும் வேணாம்…

அவள்: நீங்க பதறினா எனக்கு நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் பதறுங்க.

அவன்: விளையாடாத.

அவள்: ஒண்ணுமில்லங்க. தோல் கூடப் போகல. அந்தக் காலத்துல நீங்க ஊதி விடுவீங்க. இப்ப நானே ஊதிக்கிட்டேன். கிளிப்பை இறுக்… ப்ளக்கை இறுக்கிட்டேன். ஒயர் மாட்டிட்டேன். ஸ்டார்ட் பண்ணட்டுமா?

அவன்: பண்ணு. காலை மெதுவா எடு.

அவள்: எடுத்துட்டேன்.

அவன்: அணையாம நிக்குதா?

அவள்: நிக்குதுங்க.

அவன்: ஏறி இறங்கலையே?

அவள்: இல்ல. அப்படியே நிக்குது. கண்ணாடி கூட ஆடல. டாஷ்போர்டு மேல தண்ணி டம்ளர் வச்சிருக்கேன், அலை கூட இல்ல.

அவன்: சொன்னேனா இல்லையா! ப்ளக்குதான்! ஆரம்பத்துலயே எனக்குத் தெரியும். அடே வெல்டர், ப்ளக்குதான்டா! இங்க உக்காந்து அங்க சரி பண்ணிட்டேன் பாரு!

அவள்: ஆமாங்க. ப்ளக்குதான்.

அவன்: பெரிய கம்பெனிக்காரன் கூட இப்படிச் சொல்ல மாட்டான்.

அவள்: சொல்ல மாட்டான். அப்ப நாளைக்கு டிரிப்பு நமக்கு. வர்றீங்கதானே?

அவன்: ம்…

அவள்: ம் வேணாம். இவ்வளவு நேரம் கேட்ட ம் போதும். சாயங்காலம் அந்த ஆள் வந்தா என்ன சொல்லுவீங்க?

அவன்: இல்ல… ஒரு யோசனை. கிழட்டு வண்டி அது. இன்னைக்கு நின்னா நாளைக்கு நிக்கும்னு என்ன நிச்சயம்?

அவள்: இது என்ன புதுப் பேச்சு? நின்னா வர்றேன்னுதானே சொன்னீங்க?

அவன்: கொஞ்ச நாள் ஓடட்டுமே. இந்த ஒரு தவணையை மட்டும் முடிச்சுட்டு…

அவள்: போன தவணையும் "ஒரு தவணை"தான்.

அவன்: நீ ஓட்டத்தான் ஓட்டுற. ரிப்பேர் வந்தா இப்படிப் போன்ல சொல்லித் தர்றேன். நான் வந்து என்ன பண்ணப் போறேன் அங்க?

அவள்: என்ன பண்ணப் போறீங்களா? தெரு முனையில அந்த ஆட்டோக்காரர் நேத்து கூடக் கேட்டார். "ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்ல ஒரு முனை, காதுல ஒரு முனை வச்சுக் கேப்பாரே, அவர் எப்ப வர்றார்"ன்னு. ரிப்பேர் ஷெட்டு பூட்டியே கிடக்கேன்னு நாலு பேர் கேக்குறாங்க. அவங்களுக்கு என்ன சொல்லட்டும்?

அவன்: வேற ஆளைப் பாக்கச் சொல்லு.

அவள்: ஏன்?

அவன்: ஏன்னா… எனக்கு இந்த வேலை பழகிடுச்சு. யார்கிட்டயும் பேச வேணாம், ஒண்ணும் வேணாம், விரலைக் காட்டினாப் போதும். அங்க வந்தா ஆள் ஆளாப் பேசுவாங்க. ஒவ்வொரு வண்டியா வந்து நிக்கும், என்ன கோளாறுன்னு கேப்பாங்க. தலை வலிக்கும்.

அவள்: என்னைப் பாக்கணும்னு இல்லையா?

அவன்: கேக்குறியே இதை…

அவள்: கேக்குறேன். கேட்டுட்டேன்.

அவன்: தினமும் சாயங்காலம் ஹாலை விட்டு வெளிய வந்ததும் நீ பேசுற மாதிரியே இருக்கும். உள்ள ரீங்காரம் நிக்கவே நிக்காது, அதுக்கு நடுவுல உன் குரல். என்ன சொல்றன்னு மட்டும் பிடிபடாது. நின்னு பாப்பேன். அப்புறம் ரூமுக்குப் போயிடுவேன்.

அவள்: அப்படியும் கையெழுத்துப் போடுவீங்க?

அவன்: போட்டுடுறேனே. கோவிச்சுக்காத.

அவள்: கோவம் இல்ல. சரி, கடைசியா ஒண்ணு. நான் ஓட்டுறவதான், உங்க அளவுக்கு எனக்குப் பத்தாது. வண்டியை ஒரு தடவை நல்லாக் கேட்டுட்டு ஓகேன்னு சொல்லுங்க. நாளைக்கு தைரியமா கொண்டு போவேன்.

அவன்: அது நியாயம். வை.

அவள்: இருங்க, உள்ள கையை விட்டுட்டு வர்றேன்… ம். இப்பப் போனை இன்ஜின் மேலேயே வச்சிருக்கேன். கேக்குதா?

அவன்: இரு… ம்… கேக்குது.

அவள்: எப்படி இருக்கு?

அவன்: நல்லா இருக்கு. ஒரே சீரா நிக்குது.

அவள்: ஏறி இறங்கல?

அவன்: துளி கூட இல்ல. ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கு.

அவள்: எனக்கு என்னமோ லேசா மிஸ்ஸிங் இருக்கிற மாதிரி, விட்டு விட்டு ஓடுற மாதிரி…

அவன்: மிஸ்ஸிங்காவது ஒண்ணாவது! எத்தனை இன்ஜினைக் கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? அருமையா ஓடுது. நீ பயப்படாமப் போ.

அவள்: …

அவன்: ஹலோ? இருக்கியா? என்ன, சத்தமே இல்ல?

அவள்: வண்டியை அணைச்சுட்டுத்தாங்க போனை வச்சேன். சாவி என் கையில இருக்கு. ப்ளக்கை நான் தொடவே இல்ல, வெடிச்சிருந்தது அந்த ஹோஸ்தான். நீங்க சொன்ன மாதிரியே நேரா வெட்டிச் சொருகிட்டேன், வண்டி நெசமாவே அணையாம நிக்குது. நீங்க அந்தக் கையெழுத்தைப் போடாதீங்க, வந்துடுங்க… கேக்குறதை நான் கேட்டுக்குறேன், திருகுறதை நீங்க திருகுங்க.